வடக்கனந்தல் தாண்டித் தூற்றிய மண்

காலை ஆறு மணி. கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, உர வியாபாரி ஜமீல் பாயின் குட்டியானை வண்டியில் ஏறினேன். வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலையடிவாரம் வரை மூட்டை இறக்கப் போகிறார். எனக்கு உழவுச் சொற்கள் சேர்க்கும் பைத்தியம் உண்டு. பாய் வழியெல்லாம் வாரி வழங்கினார். நெல் விளைந்தால் கழனி, மேட்டு நிலம் என்றால் கொல்லை, நிலக்கடலைக்கு மல்லாட்டை.

"எங்கள் தஞ்சாவூரில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறம்" என்றேன்.

"அப்ப மல்லாட்டைய வூட்டுக்குப் பின்னாலயா போடுவீங்க?" என்று சிரித்தார்.

ஏழு மணியிருக்கும். அடிவாரத்து மரவள்ளிக் கொல்லை ஒன்றிலிருந்து அலறல் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினோம். ஐயோ, அதை எப்படி எழுதுவேன்! சினைப்பசு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் கீழ்த்தாடை கிழிந்து தொங்கியது.

"அவுட்டுக்காய்ங்க" என்றார் பாய். காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியாம்; கடித்தால் வெடிக்கும். சட்டப்படி குற்றம், ஆனாலும் வைக்கிறார்கள். சொல் தேடி வந்தவனுக்கு இப்படியும் ஒரு சொல்லா!

பசுவை வளர்த்த செல்வி குனிந்து மண்ணை வாரினாள். மண் வாரித் தூற்றிவிட்ட சாபத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

"வெச்சவன் கை அழுவிப் பூடணும்! அவன் குடி வெளங்காம பூடணும்!"

அள்ளி அள்ளித் தூற்றினாள். அவள் கணவன் ஏழுமலை கயிற்றைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான். காற்றில் வந்த மண் அவன் மேலும் விழுந்தது.

"தூத்துறது அப்பால. சினை மாடு, மொதல்ல மாட்டாஸ்பத்திரிக்கு ஏத்துங்க" என்று பாய் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார். செல்வி மறுபடியும் மண்ணை அள்ளினாள். ஏழுமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும், தூத்தாத. பன்னிக்குன்னு நாந்தான் வெச்சேன். விடியறதுக்குள்ள எடுத்துடலாம்னு இருந்தேன். தூங்கிட்டேன்."

"இன்னாய்யா சொல்ற?" அவள் கையிலிருந்த மண் கொட்டியது. "அடப்பாவி, மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்கையாலயே தூத்திட்டனே!"

பாய் கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டார்.

எட்டு மணிக்குப் பசுவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் ஊரிலும் மண் தூற்றுவார்கள்; தூற்றியவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். இங்கே, வண்டியின் பின்னால், செல்வி அழுதுகொண்டே கணவனின் தலையிலும் சட்டையிலும் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.