வியாழக்கிழமைச் சந்தி

போன கிழமை ரயிலுக்குக் காத்து நின்ற நேரம், புதிதாக வெள்ளையடித்த சுவரில் பெரிய பலகையொன்று மாட்டியிருப்பதைக் கண்டேன். இத்தாலியில் எங்கள் பலேர்மோச் சந்தி ஸ்டேஷனின் சரித்திரமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். எலுமிச்சந் தோட்டங்களுக்குள்ளால் ஒற்றைத் தண்டவாளம் ஓடிய காலம், நிலத்தைக் கிண்டிப் பாதையைப் பள்ளத்துக்குள் இறக்கிய காலம், உலகக் கிண்ணக் கால்பந்து வருகுதென்று அவசர அவசரமாகத் துறைமுகப் பக்கம் கிளைப் பாதை போட்ட காலம், எல்லாம் படத்தோடு இருந்தன. அதற்குப் பிறகு வந்த தொண்ணூறுகளுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. 'பயணிகள் அதிகம் இல்லாத ஆண்டுகள்.'

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். பயணிகள் இல்லையாம்! அப்படியென்றால் நாங்கள் என்ன, பேயா பிசாசா? வியாழக்கிழமை பின்னேரம் அந்த ஸ்டேஷனில் கால் வைக்க இடமிருந்ததா என்று எங்களிடம் கேட்டிருக்கலாமே. யார் கேட்டார்கள்?

உங்களுக்கு இந்த வியாழக்கிழமைக் கதை தெரியாதிருக்கலாம். அந்த நாளில் வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு விடுதலை. சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தவுடன் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடலாம். நான் நகரத்துக்குள், வியா மக்வேதாத் தெருவுக்குக் கிட்ட ஒரு சிஞ்ஞோரா, அதாவது எசமானியம்மா, வீட்டில். என்னுடைய வீட்டுக்காரர், நான் 'இவர்' என்றுதான் சொல்லிப் பழக்கம், கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு பெரிய வீட்டின் தோட்டத்தையும் நாய்களையும் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். தாலி கட்டிய புருஷனும் பெண்சாதியும் ஒரே ஊரில், ஆளுக்கொரு வீட்டில். என் சிஞ்ஞோரா கெட்டவளில்லை. ஆனால் இவர் அந்த வீட்டுப் படியேறக் கூடாது. அவளுடைய பூனையைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், என்னைப் பார்க்க வரக்கூடாது. இவருடைய இடத்திலும் அதே சட்டம்தான்.

ஆகவே சந்தி. அந்த ஸ்டேஷனை நான் சமைக்கிற குசினியைப் போல அறிவேன். நகரத்திலிருந்து ஒன்றாக வருகிற பாதை, காற்சட்டைக் கால் மாதிரி அங்கே இரண்டாகப் பிரியும். இடது கால் கடற்கரை ஊர்களுக்கு, வலது கால் துறைமுகப் பக்கம். கால் பிரிகிற இடத்திலுள்ள மேடையில் பயணிகள் காத்திருக்கும் அறை. நகரத்துக்குத் திரும்புகிற ரயில் எதிர் மேடையில் வரும். அங்கே போவதற்கு இரும்புப் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். நான் ஒரு பக்கத்தாலும் இவர் மற்றப் பக்கத்தாலும் வந்து அந்த அறையில் சந்திப்போம். ஆட்கள் இருக்கச் சுவரோரமாக நீட்டுக்கு மரவாங்கு. எங்களுக்கென்று இருந்த வீடு அந்த வாங்குதான்.

எங்களுக்கு மட்டுமா? துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெடியன்கள், கிழவர்களைப் பராமரிக்கிற பெண்கள், எல்லோரும் வருவார்கள். மன்னார் மேரியக்கா ஐஸ்கிரீம் டப்பா நிறைய மீன் கட்லட் பொரித்துக்கொண்டு வருவா. தன் சிஞ்ஞோராவிடம் கோயிலுக்கு என்று சொல்லித்தான் கொண்டுவருவா. இப்போதும் எந்த வீட்டிலாவது கட்லட் பொரிக்கிற மணம் வந்தால், எனக்கு அதோடு சேர்ந்து ரயில் பிரேக்கின் இரும்பு மணமும் அடிக்கும். யார் வீட்டில் வேலை இருக்கிறது, யாருடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் நாட்டில் தங்குகிற அனுமதிப் பத்திரம், கைக்கு வந்தது, ஊரில் எங்கே ஷெல் விழுந்தது, எல்லாச் செய்தியும் அங்கேதான். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாங்கில் காலை நீட்டிக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரிப்பார். "மெல்லச் சிரியுங்கோ, ரயில் நிண்டுபோகும்" என்பேன்.

பிறகு புது ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவன் வந்து சேர்ந்தான். சிவப்புத் தொப்பி, அதற்குக் கீழே அந்த மூஞ்சி. மரியாதையாக எழுத மனம் வருகுதில்லை, மன்னியுங்கள். முதல் வியாழனே வாசலில் நின்று, இது பயணிகளுக்கான அறை, முத்திரை குத்திய டிக்கெட் இல்லாதவர்கள் வெளியே போகவேண்டும் என்றான். அந்த ஊர்ப் பெடியன்கள் நாலைந்து பேர் அதே வாங்கில் சிகரெட் புகையை ஊதிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டாவது மண்ணாவது! அவர்களை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

எங்கள் சனத்தின் குணம் தெரியும்தானே. சட்டம் குனியச் சொன்னால் நாங்கள் படுத்துவிடுவோம். திரும்பிப் போகிற டிக்கெட்டில், ரயில் ஏறுகிற நேரம்தான் மஞ்சள் மெஷினில் முத்திரை குத்தவேண்டும். குத்தியதிலிருந்து கொஞ்ச நேரத்துக்குத்தான் அது செல்லும். நாங்கள் என்ன செய்தோம்? வந்து இறங்கியவுடனேயே, திரும்பிப் போகிற டிக்கெட்டை மெஷினுக்குள் விட்டுக் குத்திவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தோம். தொப்பிக்காரன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினான். இப்படிக் கன கிழமை போனது.

அன்றைக்கு மழை, ரயில்கள் எல்லாம் பிந்தின. இவருடைய ரயில் ஒருவழியாக வந்து நிற்க, இவர் ஏறினார். நான் பாலம் ஏறி என்னுடைய மேடைக்குப் போய்த் திரும்பிப் பார்க்கிறேன், டிக்கெட் பரிசோதகர் இவரைக் கையில் பிடித்து இறக்குகிறார். முத்திரை காலாவதியாம். அடையாளப் பத்திரம் கேட்டிருக்கிறார். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கொடுத்திருந்ததால், இவரிடம் இருந்தது அதற்கான ரசீது மட்டும். அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு கொண்டு திரிந்த மனுசன். ரயில் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நான் என்னுடைய ரயிலையும் விட்டுவிட்டு மறுபடி பாலத்தில் ஏறி ஓடினேன். மேரியக்காவும் மற்றவர்களும் அறையிலிருந்து எழும்பி வந்து, தொப்பிக்காரனைச் சுற்றி நின்றார்கள். "நீதானே முதலே குத்தச் சொன்னனீ!" என்று மேரியக்கா தமிழில் தொடங்கி இத்தாலிய மொழியில் முடித்தா. அவன் தோளை உயர்த்தி, கையை விரித்து, அப்படி நான் யாருக்கும் சொல்லவில்லை என்றான். வெட்கம் கெட்டவன்! எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ரசீது சரியா என்று போனில் கேட்டுச் சொல்லும்வரை, இவரை அறை வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே வாங்கு வெறுமையாகக் கிடந்தது. "இஞ்சருங்கோ, வந்து இருங்கோ" என்று நான் கையைப் பிடித்தேன். தொப்பிக்காரன் விரலைக் காட்டி, இருக்கக் கூடாது, நிற்கவேண்டும் என்றான். இவர் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார், "நீர் பேசாமல் இரும். பெர்மெஸ்ஸோ வரட்டும்." மழை ஈரத்தில் சப்பாத்து ஊறி, நடுங்கிக்கொண்டு, பொழுதுபடும்வரை நின்றார். ரசீது சரிதானாம். கையில் கொடுத்து, போ என்றார்கள். ஒரு மன்னிப்பு? மூச்சும் இல்லை.

அதற்குப் பிறகு இவர் அந்த அறைக்கு வரவில்லை. வியாழக்கிழமைகளில் நாங்கள் மழையிலும் வெயிலிலும் தெருத்தெருவாக நடந்தோம். களைத்தால் நடைபாதையில் நிற்போம். மற்றவர்களும் ஒவ்வொருவராக வரவை நிறுத்தினார்கள். பலகையில் எழுதியிருக்கிற 'பயணிகள் அதிகம் இல்லாத ஆண்டுகள்' இப்படித்தான் வந்தன. அவை தானாக வரவில்லை, துரத்தியதால் வந்தவை.

இப்போது அந்த அறையும் இல்லை, வாங்கும் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தல் விழுத்துகிற மெஷின் நிற்கிறது. தங்கி வேலை செய்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மேரியக்கா லண்டனுக்குப் போய்விட்டா, மற்றவர்களில் பாதிப்பேர் வடக்கே மிலான் பக்கம். நாங்கள் ஒரு வீட்டில் ஒன்றாக இருக்கிறோம், பிள்ளையும் வளர்ந்துவிட்டாள். போனதெல்லாம் போகட்டும் என்று விடலாம். ஆனால் வாங்கில் காலை நீட்டிச் சத்தமாகச் சிரித்த அந்த மனுசனையும் அல்லவா கொண்டுபோய்விட்டார்கள். அதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அண்மையில் மகளோடு நேப்பிள்ஸ் போகத் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். கப்பல் பிந்தியிருந்தது. பெரிய மண்டபம், எங்கே பார்த்தாலும் வெறும் கதிரை. இவர் பையைத் தோளில் போட்டபடி தூணோடு நின்றார்.

"பப்பா, எவ்வளவு நேரம் நிப்பீங்கள்? இதிலை இருங்கோவன்" என்றாள் மகள்.

"வேண்டாம் பிள்ளை. நிண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."