கடலிலும் ஆற்றிலும் தனம்

தனத்தைத் திருவண்ணாமலையில் பல பேருக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வந்து நின்று, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். "ரீடிங் அம்மா வந்திருக்காங்க, நாயைப் புடி" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சிலர் மோர் கொடுப்பார்கள். சிலர் யூனிட் ஜாஸ்தி காட்டுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். மோரோ சண்டையோ, தினமும் பேச ஆள் இருந்தது.

ஓய்வு பெற்ற மறுவருஷமே கணவர் திருமலை மாரடைப்பில் போய்விட்டார். மகன் அருள்ராஜ் சிங்கப்பூரில் இருந்தான், மகள் வினோதினி ஜெர்மனியில். செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அந்த மாடி வீட்டில் தனம் மட்டும் மிச்சம். பால்காரர் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். மின்கட்டணத்தைக்கூட அருள்ராஜ் அங்கிருந்தே செல்போனில் கட்டிவிடுவான். சில நாள் சாயங்காலம் யாராவது எதையாவது கேட்டால், பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது தொண்டை கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்ராஜ் கூப்பிட்டான். "அம்மா, ஜூன்ல கவியாவுக்கு லீவு. கப்பல்ல டூர் போறோம். நீயும் வர்ற. டிக்கெட் போட்டுட்டேன்."

"கப்பலா? எனக்கு வாந்தி வருமேடா."

"இந்தக் கப்பல் ஆடவே ஆடாதும்மா. உள்ள இருக்கறதே தெரியாது."

அவன் சொன்னது சரிதான். சிங்கப்பூர் துறைமுகத்தில் நின்றதைக் கப்பல் என்றே தனத்தால் நம்ப முடியவில்லை. பதினைந்து பதினாறு மாடி, ஒரு தெரு நீளம். உள்ளே கடைவீதி, நீச்சல் குளங்கள், சினிமாக் கொட்டகை, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் சாப்பிடும் கூடம். நாலாயிரம் பயணிகளாம். தீபத்துக்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டு போல எங்கே பார்த்தாலும் ஜனம். ஆனால் கடலைப் பார்க்க வேண்டுமானால் தேடிப் போக வேண்டியிருந்தது. அருள்ராஜுக்கும் மருமகள் பூஜாவுக்கும் பால்கனி வைத்த அறை. தனத்துக்கும் பேத்தி கவியாவுக்கும் ஜன்னல் இல்லாத உள்ளறை. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது.

மூன்றாம் நாள் கப்பல் ஒரு தீவில் நின்றது. பாதிப் பேருக்கு மேல் இறங்கினார்கள். தனத்துக்கு முழங்கால் வலி. "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்ல படுத்துக்கறேன்" என்றார். பூஜா இரண்டு முறை கேட்டாள். அப்புறம் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது. மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவருக்கு அறை எண் மறந்துவிட்டது. பாதுகாப்புக்காகக் கதவைத் திறக்கும் அட்டையில் எண் போட மாட்டார்களாம். இதுவரை கவியாதான் முன்னால் ஓடுவாள், இவர் பின்னால் போவார். செல்போன் அறைக்குள்ளே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே சிவப்புக் கம்பளம், வளைவே இல்லாத நடைவழி. நாலைந்து கதவுகளில் அட்டையை வைத்துப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. ஒரு கதவுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் வந்ததும் பயந்து விலகினார்.

கீழே விசாரணைக் கவுன்ட்டரில் கேட்டிருக்கலாம். போனார். நீண்ட வரிசை. வரிசையில் நின்றபடி ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான வீட்டுக் கதவு எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தவள், தூங்கி எழுந்த அறையின் எண்ணைத் தெரியாமல் நிற்கிறேனே என்று வெட்கம் பிடுங்கியது. தன் முறை வருவதற்கு முன்பே வரிசையை விட்டு நகர்ந்தார்.

அறை இருந்த மாடியில், லிஃப்ட்டுக்கு எதிரே ஒரு சோபா இருந்தது. அதில் உட்கார்ந்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் ஆட்கள் வெளியே வந்தார்கள். பலர் சிரித்தார்கள், "ஹலோ" என்றார்கள். துடைக்கும் பையன் ஒருவன் நின்று, எல்லாம் சரிதானே என்று கேட்டான். "ஓகே, ஓகே" என்றார். அவ்வளவு பேரில் ஒருவருக்கும் இவர் தொலைந்துபோனவர் என்று தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை.

கடைசியில் அந்த லிஃப்ட்டிலிருந்தே அருள்ராஜ் வந்தான், கையில் ஐஸ்கிரீமோடு, பின்னால் பூஜாவும் கவியாவும்.

"இங்க இன்னாம்மா பண்ற? ரூம்லதானே இருந்த?"

"ரூம்லதான் இருந்தேன். சும்மா காத்தோட்டமா வந்து உக்காந்தேன்."

அந்த இடத்தில் காற்றே கிடையாது. அவன் அதைக் கவனிக்கவில்லை. "சூப்பர் எடம்மா அந்தத் தீவு, நீ மிஸ் பண்ணிட்ட" என்று பேசிக்கொண்டே முன்னால் நடந்தான். அவன் முதுகைப் பார்த்தபடி தனம் பின்னால் போனார். கவியா கதவைத் திறந்தபோது எண்ணை மனதில் பதித்துக்கொண்டார். அதற்கப்புறம் அது தேவைப்படவில்லை.

கப்பல் படங்களைப் பார்த்த வினோதினிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் கூட்டிட்டுப் போனது ஒரு கப்பலாம்மா? அது மிதக்கற மால். நீ செப்டம்பர்ல இங்க வா. ஆத்துல போலாம், நீயும் நானும் மட்டும். ரெண்டு கரையும் பாத்துட்டே போலாம்."

டான்யூப் நதியில் போன அந்தக் கப்பல் நீளமாக, தட்டையாக இருந்தது. மொத்தமே மூன்று அடுக்கு. பாலத்துக்கு அடியில் போகும்போது மேல்தளத்தில் இருப்பவர்களை உட்காரச் சொல்வார்கள். நூற்றுச் சொச்சம் பயணிகள், பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரத் தம்பதிகள். பாட்டு, கூத்து கிடையாது. அறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் தண்ணீர். கரையில் ஒருத்தி துணி காயப்போடுவது, ஒரு கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாய் குரைப்பது எல்லாம் தெரிந்தது. வேடிக்கை பார்க்க அலுக்கவே இல்லை. இரண்டாம் நாளே பரிமாறுகிறவர் கேட்காமல் வெந்நீர் கொண்டுவந்து வைத்து "குட் மார்னிங், மிஸஸ் தனம்" என்றார். தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாள் கழித்து ஒருவர் வாயிலிருந்து தன் பெயர்.

மகளும் அம்மாவும் அந்த இரண்டு நாளும் நிறையப் பேசினார்கள். திருமலையைப் பற்றிக்கூடப் பேசினார்கள். வினோதினி அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது செல்போன் அடித்தது. அவள் வேலை செய்யும் கம்பெனியில் ஏதோ பெரிய கோளாறு.

மறுநாள் காலை வியன்னாவில் கப்பல் நின்றது. வினோதினி பெட்டியோடு நின்றாள்.

"ரயில்ல போயிட்டேன்னா மத்தியானம் ஆபீஸ்ல இருப்பேம்மா. நான் போகலன்னா வேலைக்கே ஆபத்து. கப்பல் திரும்பி வர்ற அன்னிக்கு கரையில நிப்பேன். நீயும் வந்துடறியா, இல்ல..."

"துட்டு கட்டியாச்சு, நான் போயிட்டே வர்றேன். நீ கெளம்பு. மொதல்ல சாப்புடு."

அன்று இரவுச் சாப்பாட்டில் எதிர் நாற்காலிக்கு முன்னால் தட்டும் கரண்டியும் வைத்திருந்தார்கள். மறுநாள் எடுத்துவிட்டார்கள். அதற்குள் விஷயம் கப்பல் முழுக்கப் பரவியிருந்தது. அவ்வளவு சின்ன இடத்தில் எதுவும் மறையாது. ஒவ்வொரு வேளையும் ஒரு தம்பதி வந்து தங்கள் மேஜைக்குக் கூப்பிட்டார்கள். மெதுவாக, சத்தமாக ஆங்கிலம் பேசினார்கள். பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டினார்கள். தனமும் கவியாவின் படத்தைக் காட்டினார். அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது. புருஷன் பெண்டாட்டிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு, சிரித்தபடியே சாப்பாட்டை விழுங்குவார். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் அவர்கள் பார்வையில் இருந்த இரக்கம் ஒவ்வொரு வேளையும் தட்டில் வந்து விழுந்தது. தலைவலி என்று சொல்லி ஒரு வேளை அறையிலேயே இருந்துவிட்டார். பரிமாறுகிறவர் சூப்பை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். இங்கே ஒளிந்துகொள்ளவும் முடியாது.

திரும்பி வரும் வழியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் நிறுத்தினார்கள். வழிகாட்டிப் பெண் குடை பிடித்து முன்னால் போக, எல்லோரும் ஒரு பழைய மாதா கோயிலைப் பார்க்கப் போனார்கள். தனம் கடைசியாக நடந்தார். ஒரு சந்தில், ஒரு வீட்டுச் சுவரில், கண்ணாடி போட்ட இரும்புப் பெட்டிக்குள் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கால் தானாக நின்றது. குனிந்து எண்ணைப் படித்தார். புள்ளிக்கு முன்னால் உள்ளதை உதடு அசையச் சொல்லிப் பார்த்தார்.

கதவு திறந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர் எட்டிப் பார்த்து ஏதோ அதட்டலாகக் கேட்டார்.

தனம் மீட்டரைக் காட்டினார், தன்னைக் காட்டினார். "மீ, இந்தியா, மீட்டர் ஆபீஸ்" என்று, எழுதுவது போல் கையை ஆட்டினார்.

கிழவர் பெட்டியைத் திறந்துவிட்டு, அந்த எண்ணைக் காட்டி, தலையில் கை வைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார். மொழி புரியவில்லை. ஆனால் கட்டணம் ஏறிவிட்டது என்று புலம்பும் குரலை வேலை பார்த்த காலமெல்லாம் கேட்டவருக்கு அது புரியாமல் போகுமா? "ஆமாங்க, ஜாஸ்திதாங்க" என்று தமிழிலேயே சொன்னார். கிழவர் உள்ளே போய் ஒரு கொத்து திராட்சை கொண்டுவந்தார். வாசலில் நின்றபடி இருவரும் தின்றார்கள். அவர் அவர் பாஷையில் பேசினார், தனம் தமிழில் பேசினார். என்ன பேசினோம் என்று பிற்பாடு நினைத்தபோது தனத்துக்கே நினைவில்லை.

வழிகாட்டிப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தபோதுதான் நேரமானது தெரிந்தது. படகுத்துறையில் எல்லோரும் ஏறி, ஆட்களைச் சரிபார்த்தபோது ஒருவர் குறைந்திருக்கிறார். கப்பலை எடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். தனம் பலகையில் ஏறியதும் மேல்தளத்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அவமானத்தால் இல்லை. தீவில் கப்பல் நின்ற அந்த நாளின் அழுகை இப்போதுதான் வந்து சேர்ந்தது என்று அவருக்கே புரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு, கூட வேலை பார்த்த ஆதிலட்சுமி வந்தார். "இன்னாக்கா, ரெண்டு கப்பல் ஏறிட்டு வந்துட்ட! எது தேவலை?"

தனம் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "கடல் கப்பல்ல நான் ஒருத்தி இருக்கறதே யாருக்கும் தெரியல. ஆத்துக் கப்பல்ல நான் தனியா இருக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிப்போச்சி."

"ரெண்டும் கஷ்டந்தான் போல."

"காலுக்கு ஆத்துக் கப்பல் தேவலை. படி கம்மி."

இருவரும் சிரித்தார்கள். பிள்ளைகள் கேட்டபோது மகனிடம் கடல்தான் நன்றாக இருந்தது என்றார், மகளிடம் ஆறு என்றார். இருவருக்கும் சந்தோஷம்.

ஆனால் நவம்பரில் அருள்ராஜ் மறுபடி ஆரம்பித்தான். "புதுக் கப்பல் ஒண்ணு வந்திருக்கும்மா, அதைவிடப் பெருசு. உனக்கும் போடட்டுமா?"

"வேணாண்டா."

"ஏம்மா, புடிச்சிருந்துச்சுன்னு சொன்னியே?"

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தார். வாய் சொல்லிவிட்டது. அறை எண் மறந்தது, வரிசையில் நின்று நகர்ந்தது, லிஃப்ட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். குரலில் குறை இல்லை, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றான்.

"நீ அவ்ளோ சந்தோஷமா ஐஸ்கிரீமோட வந்து நின்னே. எப்படிடா சொல்வேன்?"

பொங்கலுக்கு அருள்ராஜ் தனியாக வந்தான். பூஜாவுக்கு லீவு இல்லை, கவியாவுக்குப் பள்ளிக்கூடம். ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லியிருந்தான், அதற்கு முன்பே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. இருந்த நாளிலும் மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டிங் பேசிக்கொண்டிருந்தான். தனம் கீழே சமைத்தார். இடையிடையே அவன் படியிறங்கி வந்து, காரணமே இல்லாமல் சமையலறை வாசலில் நிற்பான். "என்னடா?" என்றால் "ஒண்ணுமில்லம்மா" என்பான். ஒரு மத்தியானம் அங்கேயே தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தான்.

அவன் விமானம் பிடிக்கக் காரில் ஏறிப் போன பிறகு, தனம் மாடிக்குப் போய் அவன் படுத்திருந்த போர்வையை மடித்து வைத்தார். இரண்டு பேருக்கென்று வைத்த குழம்பு நிறைய மிச்சமிருந்தது. அதைச் சூடுபண்ணிச் சூடுபண்ணி மறுநாளும் அதற்கடுத்த நாளும் சாப்பிட்டார்.