முப்பத்தொரு பேர்

புதிதாக எழுதிய நிரலை ஓடவிடும் முன் டெய்சி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, திரையை மேலிருந்து கீழாக உதடசைத்துப் படிக்கிறார். அரியலூரில், நான்கே கணினிகள் உள்ள எங்கள் அலுவலகத்தில் அதைக் கேலி செய்து ஓய்ந்துவிட்டோம். "அவசரம்னா நீங்க தட்டுங்க, நான் படிச்சிட்டு வரேன்" என்பார். ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு வெல்லம் வாயில் போடாமல் நாற்காலிக்குத் திரும்பமாட்டார்.

கண் சிகிச்சை முகாமுக்குப் பதிந்த நானூறு முதியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் எங்களுடையது. அதிலுள்ள பட்டியலை 'சோம்பேறி லிஸ்ட்' என்போம். ஒரு பெயரைக் கேட்டால்தான் அந்தப் பெயருக்கான வேலையைச் செய்யும். கேட்காதவரை சும்மா கிடக்கும். செய்தி அனுப்புவதையும் அந்த வேலைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, முதலிடத்தில் என் எண்ணைப் போட்டு அதை மட்டும் கேட்டுப் பார்த்தேன். செய்தி வந்தது. சனிக்கிழமை முகாமுக்கு வியாழக்கிழமை என்று நாள் தவறியிருந்தது. எனக்கு மட்டும்தானே என்று திருத்த உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் செந்துறையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, நாளைக்கு வெறும் வயிற்றோடு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

யார் யாருக்குப் போயிருக்கிறது? முதலாளி பழனிவேல் லிஸ்ட் முழுவதையும் திரையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். டெய்சி என் கையை விசைப்பலகையிலிருந்து விலக்கினார்.

"வேணாங்க சார். பாக்கறதும் கேக்கறதுதான், மிச்சப் பேருக்கும் போயிடும். எதெது முடிஞ்சிருக்குன்னு மட்டும் கேட்டுக்கலாம்."

நான்கு வரி எழுதினார். ஒவ்வொரு இடமாகப் போய், வேலை ஆகிவிட்டதா என்று மட்டும் விசாரித்து, ஆகாத இடத்தில் நின்றுவிடும் வரிகள். முப்பத்திரண்டு இடம் முடிந்து, அடுத்ததில் நின்றது. ஒன்றைக் கேட்டால் முப்பத்திரண்டை ஒன்றாக அள்ளிச் செய்துவைப்பது நாங்கள் எழுதும் நிரல்மொழியின் வழக்கமாம். அது எனக்குத் தெரியாது.

என்னைத் தவிர முப்பத்தொரு பேர். தவறு யாருடையது என்று யாரும் கேட்கும் முன்பே டெய்சி போனை எடுத்துவிட்டார். ஒவ்வொருவரிடமும், "நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க, தப்பு எங்களதுங்க" என்றுதான் தொடங்கினார்.

உடையார்பாளையம் ரத்தினம்மாள் மட்டும் எடுக்கவில்லை. ஒருத்தர்தானே, விட்டுவிடலாம் என்றார் பழனிவேல். டெய்சி முகவரியைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தடித்த மார்க்கரால் 'சனிக்கிழமை' என்று தாளின் நீளத்துக்கும் எழுதினார். அதைச் சுவரில் சாய்த்து, பத்தடி தள்ளி நின்று, கண்களை இடுக்கிப் பார்த்தார். திரும்பி வந்து எழுத்துகளை இன்னும் தடிப்பாக்கி, மடித்துக்கொண்டு உடையார்பாளையத்துக்கு பஸ் ஏறப் போனார்.