வள்ளியும் தெய்வானையும் ஓடிய மைதானம்

ஆரஞ்சுப் பழத்தை இப்போதெல்லாம் உரித்தே கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் சிங்காநல்லூர்ப் பக்கம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. பிள்ளைகளுக்குச் சுளைகளை டப்பாவில் போட்டு நீட்டினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. மூடியைத் திறந்ததும் எழுந்த வாசனையில் அப்புறம் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, நல்லா ஓடினே கண்ணு என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஓடவே இல்லையாம். கயிறு இழுத்தாளாம்.

அந்த வாசனை என்னை டான்சானியாவுக்குக் கொண்டுபோய்விட்டது. நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் பிளேன் ஏறிப் போய் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவள், சம்பளமில்லாத வேலைதான். மாப்பிள்ளை அங்கே ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். மகளின் பிரசவத்துக்குப் போனேன். இந்தப் பேத்திதான் பிறந்தாள். குழந்தை குளித்துத் தூங்கிவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம். மதியக் கஞ்சி ஊற்ற ஆள் போதவில்லை என்று கண்டு, சுற்றிப் போய் அகப்பையை வாங்கிக்கொண்டேன். பிடுங்கிக்கொண்டேன் என்பாள் மகள்.

அந்த ஊர் ஆரஞ்சுக்குத் தோல் பச்சையாகவே இருக்கும். காய் என்று நான் ஒதுக்கி வைக்க, பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது இரண்டு பெண்கள். கஞ்சி வாங்கக்கூடக் கைகோத்துக்கொண்டுதான் வருவார்கள். பேர் என் வாயில் நுழையவில்லை. ஒல்லியாக இருந்தவளுக்கு வள்ளி, மற்றவளுக்குத் தெய்வானை என்று வைத்துவிட்டேன். கொஞ்ச நாளில் வாத்தியார்களும் அப்படியே கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

விளையாட்டு விழா நெருங்கியது. டவுனில் ஓட்டம் பழக்குகிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருவர் வந்து பார்ப்பார், அவருக்குப் பிடித்துவிட்டால் தங்கல், சாப்பாடு, படிப்பு எல்லாம் சும்மா என்றார் பெரிய வாத்தியார். ஓட்டத்தில் எல்லாரையும் முந்துகிறவள் வள்ளி, அவளுக்குத்தான் கிடைக்கும் என்று நம்பினோம். அவள் அம்மா மில்லில் பஞ்சு கூட்டுகிறவள். அன்றிலிருந்து மத்தியானம் வேலியோரம் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகளை மொத்தமாக ஓடவிட்டால், நான் முந்தி நீ முந்தி என்று சண்டை. எங்கள் அப்பா காங்கேயத்துப் பக்கம் ரேக்ளாப் பந்தயத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். எங்கள் பக்கம் ரேக்ளாவில் வண்டிகள் முட்டிக்கொண்டு ஓடாது. ஒவ்வொன்றாக விட்டுக் கடிகாரம் பார்ப்பார்கள். நம்மூர் நியாயத்தை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அதைச் சொன்னேன். மகள் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, பெரிய வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வள்ளியைத் தனியாக விட்டுப் பார்த்தார்கள். பாதி தூரம் ஓடினவள் நின்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி விட்டாலும் அப்படியே. வேலியோரம் நின்ற அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ரேக்ளாவில் வண்டிதான் ஒன்று. மாடு இரண்டு.

"அம்மணி, தெய்வானையையும் சேத்து உடச் சொல்லு. ஒத்தை மாட்டைப் பூட்டி எவனாச்சும் ரேக்ளா உடுவானா?"

"புள்ளைங்களப் போயி மாடுங்கறயேம்மா. இதை நான் இங்கிலீஷ்ல என்னன்னு சொல்றது?"

எப்படியோ சொன்னாள். விழாவன்று எல்லாப் பிள்ளைகளையும் ஜோடி ஜோடியாகவே விட்டார்கள். அந்த இரண்டு பேரும் செம்மண்ணில் வெறுங்காலோடு, தோளுக்குத் தோள் ஓடி வந்தார்கள். கோட்டுக்கிட்டே வள்ளி ஒரு முழம் முந்தினாள். டவுன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், உதறிவிட்டு மறுபடி பார்த்தார். வள்ளியின் அம்மா குலவையிட்டாள். ஒரு பச்சை ஆரஞ்சை இரண்டாக்கிக் கொடுத்தேன். தோலோடு கடித்தார்கள், சாறு முழங்கைவரை வழிந்தது.

இடம் ஒன்றுதான் என்றார் அவர். நான் விடவில்லை.

"ஜோடியப் பிரிச்சு ஓட்டிட்டுப் போற வழக்கம் எங்கூர்ல இல்லீங்கன்னு சொல்லு."

"சந்தைப் பேச்சை இங்க பேசாதம்மா. இருக்கறது ஒரே கட்டிலுங்கறார்."

அதற்குள் வள்ளியின் அம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. புரியாமலும் இல்லை. வள்ளியே போகட்டும் என்று மகளைச் சொல்லச் சொன்னேன்.

வள்ளி பஸ் ஏறிய அன்று, தெய்வானை பஸ்ஸுக்குப் பின்னாலேயே மில் சுவர் முடிகிறவரை ஓடினாள். அவள் தனியாக ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்படி ஒரு ஓட்டம். நேரம் பார்க்க யார் கையிலும் கடிகாரம் இல்லை. மறுநாளிலிருந்து கஞ்சிக்கு அவள் வரிசையின் கடைசியில் வந்து நிற்பாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு.

அப்புறம் நாங்கள் வந்துவிட்டோம். மில்லையும் மூடிவிட்டார்கள். மைதானத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றனவாம். வள்ளி டவுனில் தனியாக ஓடப் பழகினாளா, பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாளா, தெரியாது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். அவள் போனை எடுத்தாள். "பேரைச் சொல்லுங்க அமுச்சி, தேடிப் பாத்தர்லாம்."

சமையல்கட்டில் இருந்த மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் யோசித்தாள். "வள்ளி, தெய்வானைதானேம்மா?"

அவர்களைப் பெற்றவர்கள் வைத்த பேர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பேத்தி போனை நீட்டியபடியே நின்றாள்.