பசுவின் தலை பக்கத்துக் கடையில்

கைவண்டிக்காரர் மறுபடியும் கத்துகிறார். பிச்சுமணி நகரவில்லை. நடுத்தெருவில் நின்று, தலையை இடது தோளில் சாய்த்து, ஆட்டிறைச்சிக் கடையின் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டியில் சுக்கு மூட்டைகள். அதற்குப் பின்னால் ஒரு ஆட்டோ. அதற்கும் பின்னால் ஒரு லாரி.

"சாமீ, ஆடு வேணுமெங்கில் வாங்கிக்கோ. இல்லெங்கில் வழி விடு!"

பிச்சுமணி ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறார். கொஞ்சம் பொறு என்று பொருள். பலகையில் வரைந்திருக்கும் ஆடு தன் கழுத்தை முழுவதும் பின்னால் திருப்பி, தன் வாலைக் கவலையோடு பார்க்கிறது. பிச்சுமணிக்கும் அதே கவலை.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. ஏற்றுமதிக்குப் போகும் சாக்குகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மை தடவி ஊர்ப் பெயர் பதிப்பார். ஹாம்பர்க், ஒடேசா, நியூயார்க். அவரது சட்டைக் கைகளிலும் இந்த ஊர்களின் சில எழுத்துகள் உண்டு. தகடு இல்லாமல் ஒரு கோடு போடச் சொன்னால் அது கோணலாகப் போகும்.

ஒரு நாள் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் கிடங்கில் ஒரு பத்திரிகையை மறந்துவிட்டுப் போனார். அதில் ஒரு பெண்ணை வரைந்த படம். இரண்டு கண்ணும் மூக்குக்கு ஒரே பக்கத்தில். கிடங்கில் எல்லோரும் சிரித்தார்கள். பிச்சுமணி மட்டும் சிரிக்கவில்லை. இந்த மாதிரி ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். சாயங்காலம் நேராக இறைச்சிக் கடைக்கு நடந்தார். ஆடு அங்கேயே இருந்தது. அது எழுபத்தாறாம் வருஷத்தில். அதற்குப் பிறகு அவர் எந்தத் தெருவிலும் நேரே பார்த்து நடந்ததில்லை.

ஆட்டை வரைந்தவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோப்பும்படி முதல் சுள்ளிக்கல் வரை கடைப் பலகை எழுதுகிறவர். எந்தப் பிராணியையும் வாலிலிருந்துதான் தொடங்குவார்.

"கண்ணை மொதல்ல வச்சுட்டா அது நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்லா சாமி? பொறவு எப்படி வேல செய்ய? கூச்சமா இருக்காது?"

ஆகவே கண் கடைசி. கண் கடைசி என்றால் தலையும் கடைசி. தலைக்கு வரும்போது பலகையில் இடம் இருக்காது. அரிசிக் கடை யானையின் தும்பிக்கை கடைப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே புகுந்து மேலே ஏறும். ஐஸ் பாக்டரி மீன் வளையலாக வளைந்து தன் வாலையே கடிக்கும். இசக்கிமுத்துவுக்கு இதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. "பலக சின்னது" என்பார்.

பிச்சுமணிக்கு இந்தப் பதில் போதவில்லை. "மாடர்ன் ஆர்ட்டாக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மனைவி கங்காவின் தம்பி சிவசங்கரன் திருப்பூணித்துறையிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்க வந்தபோது, அவரை இறைச்சிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அத்திம்பேரே, நாம ரெண்டு பேரும் இங்கே நிக்கறதை யாராவது பாத்தா என்ன நினைப்பா?"

"யார் பாத்தா என்னடா? நாமளும் பாக்கத்தானே வந்திருக்கோம்."

கடைக்காரர் மரியாதையாக, "எத்தர கிலோ?" என்று கேட்டார். சிவசங்கரன் அரண்மனையைப் பார்க்காமலே பஸ் ஏறினார்.

இசக்கிமுத்துவின் ஆகப் பெரிய வேலை வர்க்கியின் சாயாக்கடைச் சுவரில் இருக்கிறது. ஒரு பசு. வழக்கம்போல வாலில் தொடங்கி, வயிறு, மடி, முன்கால் என்று நிதானமாக வந்தார். கழுத்து பாதியில் சுவர் முடிந்துவிட்டது. அடுத்து ஒரு மழைநீர்க் குழாய். குழாய்க்கு அந்தப் பக்கம் ஹம்ஸாவின் தையல் கடை. ஹம்ஸா அன்று பள்ளுருத்தியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இசக்கிமுத்து கழுத்தைக் குழாய்க்குப் பின்னால் கொண்டுபோய், தலையைத் தையல் கடைச் சுவரில் வரைந்தார். இடம் தாராளம். கண் ஒரு சிரட்டை அளவு வந்தது. தெருவில் எங்கே நின்றாலும் அது நம்மைப் பார்க்கும்.

பிச்சுமணி அன்று வீட்டுக்கு இருட்டித்தான் போனார். கங்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏன்னா, பால் வாங்கிண்டு வாங்கோன்னா மாட்டைப் பாத்துண்டு நிக்கறேளே?"

"நோக்குப் புரியாது கங்கா. ஒரு பசு, ரெண்டு கடை. உலகத்திலே வேற எங்கேயாவது உண்டோ?"

"பால் எங்கேன்னா?"

ஹம்ஸா அந்தப் பசுவைச் சில மாதம் பொறுத்துக்கொண்டார். காலையில் ஆட்கள் வந்து அவரிடம் பால் கேட்டார்கள். அதையும் பொறுத்தார். ஆனால் கடைப் படியில் நின்று ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற பெண்கள், பசு தங்களையே பார்க்கிறது என்று கூசி, எதிர்க்கடைக்குப் போகத் தொடங்கினார்கள். பெருநாள் தையல் வரும் நேரம். ஹம்ஸா ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிச்சுமணி தலைக்கும் வாளிக்கும் நடுவே போய் நின்றார்.

"சாமீ, மாறி நிக்கு."

"தலையை அழிச்சா உடம்பு என்ன ஆறது ஹம்ஸா பாய்?"

"அது வர்க்கிச் சேட்டன்டெ காரியம். என்டெ சுவத்தில தலை மாத்ரமே உள்ளூ."

சாயா ஆற்றிக்கொண்டிருந்த வர்க்கி உள்ளிருந்து குரல் கொடுத்தார். "தலை இல்லாத்த பசுவோட பாலை யாரு குடிக்கும், ஹம்ஸா?"

"எங்கில் தலையை நீ கொண்டுபோ!"

"லண்டன்லே இருந்தா இதைக் கண்ணாடிக்குள்ளே வச்சுக் காவல் போட்டிருப்பா" என்றார் பிச்சுமணி.

"லண்டனுக்குக் கொண்டுபோ சாமீ. நான் வேண்டாம்னு பறஞ்ஞோ?"

கடைசியில் ஹம்ஸா ஒரு படி இறங்கினார். தலை இருக்கட்டும், கண்ணை மட்டும் மூடினமாதிரி வரையச் சொல் என்றார். இசக்கிமுத்துவை ஓடிப்போய் அழைத்துவந்தார் பிச்சுமணி. இசக்கிமுத்து சுவரைப் பார்த்தார், சுண்ணாம்பைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"தொறந்த கண்ண நான் மூட மாட்டேன் சாமி. இத மூடுனா பாக்கி மாடெல்லாம் என்னப் பத்தி என்ன நெனைக்கும்?"

ஹம்ஸா தென்னை மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். பிச்சுமணி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுண்ணாம்பு சொட்டி அவர் செருப்பில் விழுந்தது. பசுவின் கண்ணுக்கும் அவர் காதுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. போக இடமில்லாமல் கடைக்குள்ளே பார்த்தார். உள்ளே, துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஒரு மூலையில் திரை தொங்கியது. ரோஜாப்பூ போட்ட துணி.

"ஹம்ஸா பாய், அந்தத் துணியிலே கொஞ்சம் மிச்சம் உண்டோ?"

ஹம்ஸாவின் கை அப்படியே நின்றது. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். கண் அளவுக்கு ஒரு திரை போதும் என்றார் பிச்சுமணி. கீழே சுருக்கு வைக்காமல் தைப்பதில்லை என்றார் ஹம்ஸா. வைத்தார். ஒரு துண்டுக் கம்பியும் வளையங்களும் வர்க்கி கொடுத்தார். இசக்கிமுத்து ஆணி அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"ஏ, சமைஞ்ச புள்ள மாதிரில்லா இருக்கு."

 படம் முன்பைவிட உசந்துவிட்டது என்று பிச்சுமணி பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

ஒரு சிக்கல். துணி வெட்டும் கையை எடுத்துவிட்டுத் திரை இழுக்க ஹம்ஸாவுக்கு நேரம் இல்லை. திரை எப்போதும் மூடியே இருக்கட்டும் என்றால் பிச்சுமணி சம்மதிக்கமாட்டார். ஆகவே அந்த வேலை பிச்சுமணிக்கு வந்துசேர்ந்தது. பெண்கள் சாயங்காலத்தில்தான் அளவு கொடுக்க வருகிறார்கள். கிடங்கு விட்டதும் வர்க்கி கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒரு சாயா. பசுவைப் பற்றி யாராவது கேட்டால் பத்திரிகையில் பார்த்த பெண்ணிலிருந்து தொடங்குவார். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இதோ, துணிப்பொட்டலத்தோடு ஒரு பெண் தையல் கடைப் படியேறுகிறாள். ஹம்ஸா டேப்பை எடுக்கிறார். பிச்சுமணி சாயா கிளாஸை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய், வளையம் கிறீச்சிட, பசுவின் கண்மேல் திரையை இழுத்துவிடுகிறார். அதன் பக்கத்திலேயே நின்று, தன் இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொள்கிறார்.