லதீசன் திறந்து பார்க்காத வரிகள்

லதீசனை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. என் மனைவி புஸ்பராணியின் ஒரே தம்பி. திருகோணமலை பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஆள் ஏறாத, ஹயர் இல்லாத நேரமெல்லாம் போனில் தேடுகிற பெட்டியில் இரண்டு சொல் அடிப்பான். கீழே ஏழெட்டு வரி இறங்கும். அவற்றை வாசித்துவிட்டு மூடிவிடுவான். எந்த வரியையும் அமத்தி உள்ளே போய்ப் பார்க்க மாட்டான். டேட்டா முடிந்துவிடுமாம். யார் யாரோ தெரியாமல் கேட்டுவைத்த கேள்விகள்தான் அந்த வரிகள். இவனுக்கு அவையே விடை.

முப்பது வருசமாகச் சல்லி ஊர்க் கடலில் மீன்பிடித் தொழில் செய்கிறவன் நான். என் வீட்டுக் குசினியில், கணவாய்க் கறி கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடமே சொன்னான், "அத்தான், கணவாய்க்கு மூண்டு இதயமாம்."

"கழுவி வெட்டித் தந்தனான், ஒண்டும் காணேல்ல. தின்," என்றேன்.

பாலையூற்றில் ஒரு செத்தவீடு. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, செத்த பிறகும் நகம் வளருமாம் என்றான். அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் கிடந்த கையைப் பார்த்தாள். இவனைச் சட்டையில் பிடித்து வெளியே இழுத்து வந்தவன் நான்தான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பத்து நாளைக்கு முன்பு நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

காலையில் வலையைக் கரைக்கு இழுக்கும்போது திருக்கை மீன் என் பாதத்தில் முள்ளை ஏற்றிவிட்டது. திருக்கை குத்தினால் பொறுக்கும் சூட்டில் தண்ணீருக்குள் காலை வைக்க வேண்டும். எங்கள் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். புஸ்பராணி தண்ணீரைச் சூடாக்கிச் சட்டியில் ஊற்றியும் விட்டாள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான்.

"அக்கா, சுடுதண்ணி விடாதேங்கோ. ஐஸ்தான் வைக்கவேணும். போனில கிடக்கு."

நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தம்பி பக்கம் சாய்ந்தாள். மீன்பெட்டியில் இருந்த ஐஸை அள்ளி என் காலைச் சுற்றிக் கட்டினான். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் விறைத்துப் போனதை வலி குறைந்தது என்று நினைத்து மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தேன். நாலாம் நாள் காலில் அழுகல் மணம் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல் போய்விட்டது. பழுது மேலே ஏறினால் பாதத்தையும் எடுக்க வேண்டி வரும், வியாழக்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். பாதம் போனால் என் தொழிலும் போகும்.

நேற்றுப் பகல் அக்கா கட்டிக்கொடுத்த சோற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான் லதீசன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை கிடந்தும் குந்தாமல் நின்றான். எனக்கு அதுவும் எரிச்சல்தான். "போனைத் தா" என்று பறித்தேன். என் காலைப் பற்றி நானே ஒருதரம் தேடிப் பார்ப்போம் என்று 'கால்' என்று மட்டும் அடித்தேன். அவன் முன்பு தேடியது முதல் வரியாக வந்து நின்றது.

'கால் இல்லாதவர் வள்ளம் ஓட்டலாமா.'

டாக்டரே எடுக்காத காலை இவன் எடுத்துவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இதுக்கு விடை என்னடா?"

"திறக்கேல்ல அத்தான்."

"டேட்டா முடிஞ்சுதோ?"

"இல்லை. பயமாக் கிடந்தது."

நானே திறந்து பார்ப்போம் என்று பெருவிரலை அந்த வரிக்கு மேலே கொண்டுபோனேன். விரல் அங்கேயே நின்றது. அமத்தவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "வியாழக்கிழமை டாக்டர் சொல்லுவார். அதுவரைக்கும் என்ர முகத்தில முழியாத," என்றேன்.