ஆள் இல்லையென்றால் நிற்கும் ஏசி

போன் சொன்னபடி கேட்கிற ஏசியை ரிப்பேர் பார்ப்பவனுக்கு, மிஷினைவிட வீட்டு மனிதர்கள்தான் பெரிய வேலை. இவ்வளவு சூடானால் ஓடு, ஆள் இல்லையென்றால் நில் என்று போனில் ரூல் போட்டுவிடுவார்கள். அது நிற்கக் கூடாத நேரத்தில் நிற்கும். என்னைப்போல் வீடு வீடாக ஏசி பார்க்க அலைகிற உங்களுக்கும் தெரிந்ததுதான். போதாததற்கு நான் வேலை பார்க்கிற பேட்டை ஏசிக் கடை முதலாளி, "அண்ணாச்சி, இனி ஒரு புகார் வந்துச்சின்னா நீங்க பழையபடி ஏணில ஏறி ஏசி கழுவத்தான் போணும்" என்றார். என் முழங்காலுக்கு ஏணி ஆகாது என்று தெரிந்தே சொன்னார். மறக்க மாட்டேன்.

வீட்டு ஜெபம்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் வீடு. அறையில் கொஞ்ச நேரம் அசைவு இல்லையென்றால் ஏசி அணைய வேண்டும் என்று மகன் ரூல் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை சபை ஐயர் வந்து ஜெபம் தொடங்கினால், எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் இருப்பார்கள். ஏசி நின்றுவிடும். ஐயர் வேர்த்துப்போய் ஆமென் சொல்லிவிடுவார். ரூலை மாற்றப் போனேன். டீச்சர் தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. சட்டுன்னு முடிங்கன்னு ஐயர்ட்ட நாங்க சொல்ல முடியுமா? அது சொல்லுது, அவியளும் கேக்காவ."

ஈரத் துண்டு

சீவலப்பேரியில் ஒரு விவசாயி. எவ்வளவு வெயிலடித்தாலும் ஏசி ஓடவில்லை. போய்ப் பார்த்தால், சுவரில் சூடு பார்க்கிற சின்ன டப்பாவின் மேல் ஆற்றில் குளித்துவிட்டு வந்த ஈரத் துண்டு தொங்குகிறது. டப்பாவுக்கு எப்போதும் குளிர்காலம். "இதுல துண்டு போடலாமா?" என்று கேட்டேன்.

"அது என் ஆணி இருந்த இடம்வே. உங்க ஆளு ஆணியப் பிடுங்கிட்டு இத மாட்டிட்டுப் போயிட்டான். துண்ட நான் ஒம்ம தோள்லயா போடுவேன்?"

தள்ளி ஒரு ஆணி அடித்துக் கொடுத்தேன். டப்பாவை மாட்டியவன் யாரென்றும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

வாட்சப் பத்திரிகை

அடுத்தது, நான் படியேறவே கூடாது என்றிருந்த வீடு. பழைய சிநேகிதர்தான். மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்சப்பில் பத்திரிகை அனுப்பியவர். பகலில் ஏசி நின்றுவிடுகிறதாம். "இன்னைக்குச் சரியாவலன்னா ஒங்க முதலாளிக்குப் போன் போடுவேன்" என்றார். அவர் வீட்டுக் காபியைத் தொடாமல் வேலையைப் பார்த்தேன்.

அவர் போன் வீட்டில் இல்லையென்றால் வீட்டில் யாருமே இல்லை என்று ரூல். அவர் கடைக்குக் கிளம்பியதும் ஏசி நின்றுவிடும். போன் வைத்துக்கொள்ளாத அவர் மனைவி பகலெல்லாம் புழுக்கத்தில் கிடந்திருக்கிறார். இதை இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொல்லி, ரூலை அழித்தேன். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"முதலாளிக்குப் போன் போடுவேன்னு குதிச்சியள்லா, இப்பப் போடுங்க. நான் ஒருத்தி வீட்ல இருக்கேன்னு கண்டுபிடிச்ச மொத ஆளு இவியதான்னு சொல்லுங்க."

சிநேகிதர் என் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டு நல்லபடியாகச் சொன்னார், என் வேலையும் தங்கியது. ஆனாலும் பத்திரிகையை வாட்சப்பில் அனுப்பியது அனுப்பியதுதான்.